மொத்தமாக ஒரு தொகை

நார்னியா புத்தகங்களைப் படித்தவர்களிடம், அல்லது பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவர்களிடம், முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள். பனி கொட்டும் காடு, நடுவில் ஒரு விளக்குக் கம்பம், ஒரு கையில் குடையும் மறு கையில் பொட்டலங்களுமாக ஆட்டுக்கால் மனிதர் ஒருவர். தன்னுடைய பதினாறாவது வயதில் மனதில் வந்த இந்தப் படத்திலிருந்துதான் கதையே தொடங்கியது என்று சி.எஸ். லூயிஸ் எழுதியிருக்கிறார். சரி, அவர் மனதில் இருந்ததை நம் கண்ணுக்குக் காட்டியது யார்? இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள்.

அவர் பெயர் பாலின் பேய்ன்ஸ். 1922இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் பிறந்து, 2008 ஆகஸ்டில் இறந்தார். அறுபது வருடத்துக்கும் மேலாக வரைந்துகொண்டே இருந்தவர். நார்னியாவின் ஏழு புத்தகங்களுக்கும் முதல் பதிப்பின் மேலுறையும் உள்படங்களும் அவர் கைவண்ணம்தான். டோல்கீனின் புத்தகங்களுக்கும் வரைந்தார். டோல்கீன் உயிரோடு இருந்த காலத்தில் அவர் மனதார ஏற்றுக்கொண்ட ஓவியர்கள் மிகக் குறைவு. அந்தச் சின்னப் பட்டியலில் பேய்ன்ஸ் உண்டு.

இவரைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு அற்பக் காரணம்தான். பேங்க் வேலையில் என்னை ஆக்ராவுக்குத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பேய்ன்ஸின் அப்பா ஐ.சி.எஸ். அதிகாரி, இதே ஆக்ராவில் கமிஷனராக இருந்தவர். கைக்குழந்தையாக இந்தியா வந்த பாலின் ஐந்து வயது வரை இங்கேதான் வளர்ந்தார். வெயில் காலத்துக்கு முசோரி. கவனித்துக்கொள்ள ஆயா, கூட விளையாட வளர்ப்புக் குரங்கு. ஆக்ராவின் மே மாத வெயிலை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முசோரி ஆடம்பரம் இல்லை, அவசியம் :-)

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பாலினையும் அக்கா ஏஞ்சலாவையும் அழைத்துக்கொண்டு அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார். அப்பா வேலைக்காக இங்கேயே தங்கிவிட்டார். ஆயாவையும் குரங்கையும் ஊரையும் ஒரே நாளில் விட்டுவிட்டுப் போன குழந்தையை ஒரு கான்வென்ட் பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டில் தைத்த உடைகளுக்காகவும், கண்டபடி கற்பனை செய்வதற்காகவும், இந்துஸ்தானி பேசுவதற்காகவும் அங்கிருந்த கன்னியாஸ்திரிகள் கேலி செய்தார்களாம். மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று பெட்டி கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு இது புரியும். பெரியவர்களுக்கு டிரான்ஸ்பர் என்பது ஒரு காகிதம். குழந்தைக்கு அது வாயிலிருந்து ஒரு பாஷையைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றைத் திணிப்பது.

பதினைந்து வயதில் ஃபார்ன்ஹாம் ஓவியப் பள்ளி, பிறகு லண்டனின் பேர்பெற்ற ஸ்லேட். அதற்குள் உலகப் போர் வந்து, ஸ்லேட் ஆக்ஸ்ஃபோர்டுக்கு இடம் மாறியது. ஒரு வருடத்தில் பாலின் படிப்பை விட்டுவிட்டுப் போர்க்கால வேலைக்குப் போனார். முதலில் ஃபார்ன்ஹாம் கோட்டையில் இருந்த ராணுவ உருமறைப்புப் பயிற்சி மையத்தில் மாதிரிகள் செய்யும் வேலை. அங்கே உடன் வேலை பார்த்த ஒருவருடைய குடும்பம் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் போட்டுக்கொண்டிருந்தது. முதல் வாய்ப்புகள் அந்த வழியாக வந்தன. 1942 முதல் 1945 வரை பாத் நகரில் கடற்படையின் நீரளவைத் துறையில் வரைபடங்களும் கடல் சார்ட்டுகளும் வரைந்தார். ஒரு கோடு நகர்ந்தால் கப்பல் பாறையில் மோதும் வேலை. இருபத்தைந்து வருடம் கழித்து, இல்லாத ஒரு உலகத்துக்கு டோல்கீன் வரைபடம் கேட்டபோது இந்தப் பயிற்சிதான் கைகொடுத்தது.

டோல்கீன் கண்ணில் அவர் பட்ட கதை சுவாரஸ்யமானது. 'ஃபார்மர் ஜைல்ஸ் ஆஃப் ஹாம்' என்ற சின்னப் புத்தகத்துக்கு வேறொரு ஓவியர் வரைந்தது டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை. அந்த சமயத்தில் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்தில் பேய்ன்ஸ் கொடுத்து வைத்திருந்த படங்கள் கண்ணில் பட்டன. இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளின் ஓரங்களில் வரும் குறும்புச் சித்திரங்களைப் போல விளையாட்டாக வரைந்தவை. பழைய ஆங்கில இலக்கியப் பேராசிரியருக்கு வேறென்ன வேண்டும்? இவர்தான் வேண்டும் என்றார். 1949இல் புத்தகம் வந்தது. இவை வெறும் விளக்கப் படங்கள் அல்ல, கதைக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு கதை என்று பதிப்பகத்துக்கு எழுதினார். நண்பர்களிடம் காட்டியபோது, உன் எழுத்துதான் இந்தப் படங்களுக்கு எழுதிய உரை மாதிரி இருக்கிறது என்று அவர்கள் சொன்னதையும் சந்தோஷமாகக் குறிப்பிட்டிருக்கிறார். தன் எழுத்தில் ஒரு கமாவை மாற்றினாலும் சண்டைக்கு வருகிற மனிதர் இப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை.

அடுத்தது டோல்கீனின் நண்பர் லூயிஸ். குழந்தைகளையும் விலங்குகளையும் வரையத் தெரிந்தவர் யார் என்று புத்தகக் கடையில் விசாரித்ததாக லூயிஸ் தன்னிடம் சொன்னார் என்று பேய்ன்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். 1950 முதல் 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக ஏழு புத்தகங்கள். தொடங்கும்போது பேய்ன்ஸுக்கு வயது இருபத்தேழு.

இந்த ஏழு வருடத்தில் எழுத்தாளரும் ஓவியரும் எத்தனை முறை சந்தித்திருப்பார்கள்? இரண்டு மூன்று தடவைதான். ஒரு தடவை லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் லூயிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். லூயிஸைச் சந்தித்தேன், வீட்டுக்கு வந்தேன், ராக் கேக் செய்தேன் என்று அன்றைய டயரியில் ஒரே வரியில் முடித்துவிட்டார் பேய்ன்ஸ். எனக்கு இந்த டயரிக் குறிப்பு ரொம்பப் பிடித்தது. பிரபலத்தைப் பார்த்த பரவசமும் இல்லை, புலம்பலும் இல்லை.

லூயிஸ் கடிதங்களில் அவரிடம் பிரியமாகவே நடந்துகொண்டார். கடைசிப் புத்தகமான 'தி லாஸ்ட் பேட்டில்' கார்னகி மெடல் வாங்கியபோது பேய்ன்ஸ் வாழ்த்து அனுப்பினார். இது நம் இருவருக்குமான மெடல் இல்லையா, படங்களையும் கணக்கில் எடுத்துத்தானே கொடுத்திருப்பார்கள் என்று பதில் எழுதினார் லூயிஸ். அதே லூயிஸ் மற்றவர்களிடம், அந்தப் பெண்ணுக்கு சிங்கம் வரைய வரவில்லை, ஆனால் இவ்வளவு மென்மையானவரிடம் அதை எப்படிச் சொல்வது என்கிற மாதிரி குறைப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார். லூயிஸ் இறந்து பல வருடம் கழித்து வாழ்க்கை வரலாறுகளும் கடிதங்களும் அச்சானபோது அதெல்லாம் வெளியே வந்தது. சிங்கம்தான் கதாநாயகன் என்ற கதையில் சிங்கத்தைப் பற்றி இப்படி ஒரு குறை! ஆனால் வாசகர்கள் யாரும் அந்தச் சிங்கத்தைத் திருப்பி அனுப்பவில்லை.

இனி என்னுடைய ஏரியா. அதாவது கணக்கு.

நார்னியாவுக்காக பேய்ன்ஸ் வாங்கியது மொத்தமாக ஒரு தொகை. ராயல்டி கிடையாது. நார்னியா இதுவரை பத்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது என்பார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. 2005இல் பெரிய சினிமாவாகவும் வந்தது. அந்தப் பத்து கோடியில் பேய்ன்ஸ் படங்களோடு விற்ற பிரதிகள் எத்தனை எத்தனையோ. ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவர் பக்கத்துக்கு ஏதோ ஒரு பென்னி போய்க்கொண்டிருந்தது. வரைந்தவர் கணக்கு முதலிலேயே மூடப்பட்டுவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால் ஒன் டைம் செட்டில்மெண்ட். அந்த வார்த்தை திருப்பிக் கட்ட முடியாத கடனாளிக்குச் சொல்வது. இங்கே கடன்பட்டவர் யார் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இதில் சட்டப்படி யாரும் ஏமாற்றவில்லை. அன்றைக்கு மேலுறை ஓவியர்களுக்கு அதுதான் வழக்கம். மேலுறை என்பதே தூசி படாமல் இருக்கப் போட்ட காகிதம்தான். கடையிலிருந்து வந்ததும் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. அதற்கு வரைபவருக்குப் பெயின்டருக்குக் கொடுப்பது போலக் கூலி. சுவருக்கு வெள்ளையடித்தவருக்கு மாதாமாதம் வாடகையில் பங்கு கொடுக்கிறோமா என்று பதிப்பாளர் கேட்டால் நம்மால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

எனக்கு அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாமல் போனதற்குக் காரணம் அக்கா மகள். பெங்களூரில் படம் வரைந்து பிழைக்கிறாள். ஒரு பதிப்பகம் குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்கு அட்டையும் இருபத்துநாலு உள்படங்களும் கேட்டு, நாற்பதாயிரம் ரூபாய் என்று எழுதி ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. "மாமா, நீங்கதான் டாக்குமெண்டெல்லாம் படிப்பீங்களே, பார்த்துச் சொல்லுங்க" என்று எனக்கு அனுப்பிவிட்டாள். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம், மூச்சு விடாமல் ஓடியது. எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், இப்போது இருக்கிற, இனி கண்டுபிடிக்கப்படப்போகிற எல்லாச் சாதனங்களிலும், உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் வரை. நாற்பதாயிரத்துக்கு இவ்வளவு பெரிய அடமானப் பத்திரத்தை நான் பார்த்ததில்லை.

"மாமா, நான் கையெழுத்துப் போடலைன்னா வேற யாராவது போடுவாங்க" என்றாள். அதுவும் உண்மை. இருபத்தேழு வயது பேய்ன்ஸும் இதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

பி.காம். படித்தவன் சட்டம் பேசுவது தப்புதான், ஆனாலும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வரைகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த மூன்று பிரிவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 17: பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது ஒப்பந்தமே வேண்டாம், வாய்ப்பேச்சு போதும் என்று இருந்தால் நஷ்டம் வரைந்தவருக்குத்தான். பிரிவு 19: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று சொல்லாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பத்திரத்தில் உலகம் முழுவதும், காலம் முழுவதும் என்று மெனக்கெட்டு எழுதுகிறார்கள். பிரிவு 57: உரிமையை விற்ற பிறகும் இது நான் படைத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும்.

அவளை மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். பத்து வருடக் கெடு, அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் உரிமை, அட்டையில் பெயர். ராயல்டியைப் பற்றிப் பேசியதும் எதிர்ப்பக்கம் போனை வைக்காத குறை. கெடுவுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உரிமையை அச்சுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளவும், அட்டையில் பெயர் போடவும் சம்மதித்தார்கள். பொம்மை, பை, கோப்பை, கார்ட்டூன் படம் என்று எது செய்தாலும் மறுபடி அவளிடம் வர வேண்டும். கையெழுத்துப் போட்டாள். பெரிய வெற்றியெல்லாம் இல்லை. முழுக்க மூடியிருக்க வேண்டிய கதவில் ஒரு விரல் இடுக்கு விட்டாயிற்று, அவ்வளவுதான்.

மொத்தத் தொகை வாங்குவதே அவமானம் என்று நான் சொல்லவில்லை. மாத வாடகை கட்ட வேண்டியவருக்கு இன்றைய நாற்பதாயிரம், என்றோ வரப்போகும் ராயல்டியை விடப் பெரியது. விற்காமல் போகும் புத்தகங்கள்தான் அதிகம், அந்த நஷ்டத்தில் ஓவியர் பங்கு கேட்பதில்லை என்பதும் சரி. ஆனால் கூலி என்பது செய்த வேலைக்கு. அந்த வேலை பின்னால் ஐம்பது வருடம் உழைத்துச் சம்பாதித்தால், அதைப் பற்றி ஒரு வரியாவது பத்திரத்தில் இருக்க வேண்டும். கலைஞனுக்குக் காசு முக்கியமா என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டிய பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்.

பேய்ன்ஸ் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. வந்த வேலையை எல்லாம் செய்தார். 1961இல் பஃபின் பதிப்பாக வந்த 'தி ஹாபிட்' அட்டை, 1964இல் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களும் அடங்கும் உறைப்பெட்டி ஓவியம், 1973இல் 'வாட்டர்ஷிப் டவுன்' பஃபின் அட்டை. கிராண்ட் ஊடன் எழுதிய வீரர்கள் அகராதி ஒன்றுக்கு ஏறக்குறைய 600 படங்கள், கிட்டத்தட்ட இரண்டு வருட உழைப்பு. அதற்குத்தான் 1968ஆம் ஆண்டுக்கான கேட் கிரீனவே மெடல் கிடைத்தது. பிஸ்கட் விளம்பரம் கூட விட்டுவைக்கவில்லை.

சொந்த வாழ்க்கையும் கதை போலத்தான். நாய்களுக்கான இறைச்சி விற்றுக்கொண்டு வீடு வீடாக வந்த ஃபிரிட்ஸ் காஷ் என்பவரை 1961இல் கல்யாணம் செய்துகொண்டார். போர்க் கைதியாக இங்கிலாந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஜெர்மானியர். சர்ரேயில் டாக்கன்ஃபீல்ட் என்ற கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் குடித்தனம். ஒரு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. 1988இல் கணவர் போனார். இரண்டு வருடம் கழித்து, ஃபிரிட்ஸின் முதல் திருமணத்து மகள் அப்பாவைத் தேடிக்கொண்டு போன் செய்தார். அந்தப் பெண் கடைசி வரை பேய்ன்ஸுக்கும் மகளாகவே இருந்தார். எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத வரவு இது.

1970இல் வந்த 'மிடில் எர்த்' வரைபடத்துக்கு வருகிறேன். டோல்கீன் பழைய வரைபடத் தாள் ஒன்றில் பச்சை மையிலும் பென்சிலிலும் குறிப்புகள் எழுதி பேய்ன்ஸிடம் கொடுத்தார். ஹாபிட்டன் கிராமம் கிட்டத்தட்ட ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருக்கிறது, தெற்கே ஹராட் பக்கம் யானையும் ஒட்டகமும் வரையலாம் என்றெல்லாம். கடல் சார்ட் வரைந்த கைக்கு அட்சரேகை சொன்னால் போதாதா? வரைபடம் போஸ்டராக வந்து மாணவர் விடுதிச் சுவர்களில் ஏறியது. குறிப்பு எழுதிய தாளை பேய்ன்ஸ் தன்னுடைய புத்தகத்துக்குள் செருகி வைத்துவிட்டார். அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, 2015இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிளாக்வெல்ஸ் அரிய நூல் பிரிவு அதை வெளியே கொண்டுவந்து 60,000 பவுண்ட் விலை சொன்னது. 2016இல் பாட்லியன் நூலகம் வாங்கிக்கொண்டது. எழுத்தாளர் கை பட்ட தாளுக்கு அந்த விலை. அதைப் பார்த்து ஓவியர் வரைந்ததற்கு என்ன கூலி என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுவது பேங்க்காரன் புத்தி, மன்னிக்கவும்.

அவர் வைத்திருந்த ஓவியங்களும் தாள்களும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரிக்குப் போயின. யார் வேண்டுமானாலும் ஆராயலாம்.

கடைசியாக ஒன்று. 1998இல் லூயிஸ் பிறந்த நூற்றாண்டு வந்தது. நார்னியாவைக் கலரில் போட பதிப்பகம் முடிவு செய்தது. அன்றைக்கு கம்ப்யூட்டரில் யாரை வைத்தாவது வண்ணம் பூசியிருக்கலாம். ஆனால் பேய்ன்ஸிடமே வந்தார்கள். எழுபத்தைந்து வயதில், இருபத்தேழு வயதுப் பெண் கறுப்பு மையில் வரைந்த கோடுகளுக்குள் தூரிகையை நனைத்து வண்ணம் தீட்டினார். என்றோ விற்றுவிட்ட வீட்டுக்குள் மறுபடி போய், ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்ட மாதிரி. வீடு அவர் பெயரில் இல்லை. ஆனால் எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்.

உங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் எடுத்து, படம் வரைந்தவர் பெயர் எங்கே, எவ்வளவு சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்போது அதையும் சேர்த்தே படியுங்கள்.